ஆர்ச்சர் டிரேட்: எல்லாருடைய கையும் உடைந்த பிறகு லாபம் யாருக்கு?

பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணி 2018-இல் கிறிஸ் ஆர்ச்சர் என்ற பிட்சரை (பந்து வீச்சாளரை) வாங்கியதை அந்தப் பத்தாண்டின் மிக மோசமான டிரேடுகளில், அதாவது வீரர் பரிமாற்றங்களில், ஒன்றாக பேஸ்பால் ரசிகர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஆனால் அதில் பைரட்ஸ் கொடுத்த டைலர் கிளாஸ்னோ, ஷேன் பாஸ் ஆகிய இரு பிட்சர்களும் பின்னாளில் முழங்கை அறுவை சிகிச்சைக்குப் போனார்கள். வாங்கப்பட்ட ஆர்ச்சரும் கத்திக்குத் தப்பவில்லை. எல்லாருடைய கையும் கெட்டுப்போன ஒரு பேரத்தில் ஒரு தரப்பை மட்டும் ஏமாளி என்பது நியாயமா, பிட்சர்களை வைத்து நடக்கும் டிரேடை எதை வைத்து மதிப்பிடுவது என்று கேட்டிருந்தீர்கள்.

பைரட்ஸ் ஏமாந்தது உண்மை என்றே நானும் கருதுகிறேன். ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. விதைநெல்லைக் கொடுத்துச் சோறு வாங்கினார்கள், கொடுத்தவை எல்லாம் பின்னால் பொன்னாக விளைந்தன என்பது ரசிகர்கள் சொல்லும் கதை. கிளாஸ்னோ வீசிய இன்னிங்ஸ்களை (பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது) கூட்டிப் பார்த்தாலே அந்தக் கதை ஆட்டம் காணும். டாம்பா பே ரேஸ் அணி வாங்கிய கைகளும் உடைந்தன. அப்படி உடைந்த பிறகும் விற்பதற்கு ஏதாவது மிச்சமிருக்கும்படி அவர்கள் வாங்கியிருந்தார்கள், பைரட்ஸ் அப்படி வாங்கவில்லை. என் பதிலின் சாரம் இவ்வளவுதான். அதை ஒப்புக்கொள்வதற்கு அந்த டிரேடின் விவரமும் ஒரு பிட்சரின் முழங்கைக்குள் நடப்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

2018 ஜூலையில் பைரட்ஸ் தொடர்ந்து 11 ஆட்டங்களை வென்றிருந்தார்கள். அந்த உற்சாகத்தில், டிரேட் கெடு நாளான ஜூலை 31 அன்று, பொது மேலாளர் நீல் ஹண்டிங்டன் ரேஸ் அணியிடமிருந்து ஆர்ச்சரைப் பெற்றார். 2015 முதல் 2017 வரை மூன்று சீசன்களிலும் 200 இன்னிங்ஸுக்கு மேல் வீசியவர், இருமுறை ஆல்-ஸ்டார் (சீசனின் சிறந்த வீரர்கள் ஆடும் காட்சி ஆட்டத்துக்குத் தேர்வானவர்) ஆனவர், அதற்கெல்லாம் மேலாக மிகக் குறைந்த சம்பளத்தில் 2021 வரை அணி தன்னிடமே வைத்துக்கொள்ளக்கூடிய ஒப்பந்தத்தில் இருந்தவர் என்பதால், ஆர்ச்சர் அன்று விலை மதிப்புள்ள சரக்குதான். ஈடாகப் போனவர்கள் கிளாஸ்னோவும் ஆஸ்டின் மெடோஸும். மூன்றாவது பெயர் பின்னர் அறிவிக்கப்படும் என்றார்கள். ஆகஸ்டு நடுவில் அறிவிக்கப்பட்ட அந்தப் பெயர், இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில், 2017-இல் பன்னிரண்டாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஷேன் பாஸ். உண்மையைச் சொன்னால் ரசிகர்களின் கோபத்தில் பாதி இந்த மூன்றாவது பெயருக்குத்தான் சொந்தம். முதல் இருவர் போனதைப் பொறுத்துக்கொண்டவர்கள்கூட, முந்தைய ஆண்டுதான் முதல் சுற்றில் எடுத்த பையனையும் சேர்த்தா கொடுத்தீர்கள் என்று கொதித்தார்கள்.

ஆர்ச்சர் பைரட்ஸுக்காக மொத்தம் 33 ஆட்டங்களைத் தொடங்கினார். 6 வெற்றி, 12 தோல்வி. 2019-இல் அவருடைய ஈ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன், 5.19. 2020 ஜூனில் தோளருகே, காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே நரம்புகளும் ரத்தக் குழாய்களும் நசுங்கும் கோளாறுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அந்தச் சீசன் முழுவதும் வீசவில்லை. அதன் முடிவில் அடுத்த ஆண்டுக்கான ஒப்பந்த உரிமையை பைரட்ஸ் கைவிட்டார்கள், அவர் ஓராண்டு ஒப்பந்தத்தில் ரேஸ் அணிக்கே திரும்பினார். ஹண்டிங்டன் அதற்கு முன்பே, 2019-இலேயே, பதவியிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்.

மறுபக்கம் கிளாஸ்னோ. பிட்ஸ்பர்க்கில் புல்பென்னில், அதாவது ஆட்டத்தின் நடுவே இறங்கும் மாற்று பிட்சர்களின் வரிசையில், உட்கார வைக்கப்பட்டிருந்த 6 அடி 8 அங்குல இளைஞரை, அவர் வந்ததுமே, ஆட்டத்தை முதலில் தொடங்கும் தொடக்க பிட்சராக்கினார்கள் ரேஸ் அணியினர். 2019-இல் 12 ஆட்டங்களில் 1.78 ஈ.ஆர்.ஏ.யுடன் மிரட்டினார். ஆனால் அந்த ஆண்டே மே மாதம் முன்கைத் தசையில் காயம் ஏற்பட்டு செப்டம்பர் வரை காணாமல் போனார். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீகின் இறுதித் தொடரான உலகத் தொடரில், 2020-இல் இரு ஆட்டங்களைத் தொடங்கினார். 2021 ஜூனில் முழங்கைத் தசைநார் பகுதியளவு கிழிந்து, ஆகஸ்டில் அறுவை சிகிச்சை நடந்தது. பந்தில் பிசுபிசுப்பான பொருள்களைத் தடவுவதற்கு எதிரான கெடுபிடி வரப்போவதால், வழக்கமாகப் பூசும் சன்ஸ்கிரீனைச் சட்டென்று நிறுத்திவிட்டுப் பந்தை முன்பைவிட இறுக்கிப் பிடித்ததுதான் காரணம் என்று அவரே வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். ரேஸ் அணிக்காக அவர் ஒரு சீசனில் அதிகபட்சம் வீசியது 2023-இல் வீசிய 120 இன்னிங்ஸ். ஐந்தரை ஆண்டுகளில் மொத்தமே ஏறக்குறைய 388. முன்னணித் தொடக்க பிட்சர் ஒருவர் ஆரோக்கியமாக இருந்தால் இரண்டரை சீசன்களில் வீசிவிடக்கூடிய அளவு அது. பாஸ் 2021 செப்டம்பரில் மேஜர் லீகுக்கு வந்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில் ஒரு சிறிய முழங்கைச் சிகிச்சை, செப்டம்பரில் முழங்கைத் தசைநாரைப் புதிதாகக் கட்டும் டாமி ஜான் அறுவை சிகிச்சை, 2023 முழுவதும் ஓய்வு, 2024 ஜூலையில் மறுவருகை.

இனி முழங்கைக்கு வருவோம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, வேகமாகப் பந்து வீசுபவருக்கு முதுகுதானே கெடும், இவர்களுக்கு மட்டும் ஏன் முழங்கை என்ற ஐயம் எழுவது இயல்பு. கிரிக்கெட்டில் பந்து வீச்சாளர் ஓடிவந்து, கையை ஏறத்தாழ நீட்டிய நிலையிலேயே சுழற்றுவதால் இடுப்பும் கீழ்முதுகும் அடி வாங்குகின்றன. பிட்சர் ஓடிவருவதில்லை, மேட்டின் மேல் நின்ற இடத்திலிருந்து ஒரே எட்டு எடுத்து வைத்து, மடக்கிய கையைச் சாட்டைபோல் சொடுக்குகிறார். உடல் முன்னோக்கித் திரும்பிவிட்ட கணத்தில் முன்கை இன்னும் பின்னாலேயே கிடக்கும். அந்த இழுபறியில் முழங்கையின் உட்பக்கம் பிளந்து திறக்கப் பார்க்கிறது. மேற்கை எலும்பையும் முன்கையின் உட்பக்க எலும்பையும் சேர்த்துப் பிடித்து, அதைத் திறக்கவிடாமல் காப்பது விரல் நீளம்கூட இல்லாத ஒரு தசைநார்.

அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ ஆய்வு நிறுவனம் 1990-களில் அளந்தபோது, ஒவ்வொரு வீச்சிலும் முழங்கையின் மேல் விழும் முறுக்குவிசை ஏறக்குறைய 64 நியூட்டன் மீட்டர் என்று கண்டது. இறந்தவர்களின் உடலிலிருந்து எடுத்த தசைநாரைச் சோதித்தபோது அது ஏறக்குறைய 32-இலேயே அறுந்துபோனது. வேறு வகையாகச் சொன்னால், மேல்மட்ட பிட்சர் ஒருவர் முழு வேகத்தில் வீசும் ஒவ்வொரு பந்திலும், தசைநார் தனியாக இருந்திருந்தால் அறுந்தே போயிருக்கும். முன்கையின் மடக்கு தசைகள் பாரத்தைப் பகிர்ந்துகொள்வதால்தான் தப்புகிறது. அந்தத் தசைகள் சோர்ந்தாலோ காயப்பட்டாலோ தசைநாரின் பங்கு கூடுகிறது. நுண்ணிய கிழிசல்கள் சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் முற்றாக விட்டுவிடுகிறது. அணி நிர்வாகம் ‘முன்கையில் சிறிய இறுக்கம், கவலைப்பட ஒன்றுமில்லை’ என்று அறிவித்தவுடன் ரசிகர்கள் தலையில் கைவைத்துக்கொள்வதன் காரணம் இதுதான். கிளாஸ்னோவின் 2019 முன்கைக் காயத்துக்கும் 2021 கிழிசலுக்கும் நேரடித் தொடர்பு உண்டென்று அறுதியிட முடியாது. ஆனால் அந்த வரிசை மிகவும் பழகிப்போன வரிசை.

1974-க்கு முன் இந்தத் தசைநார் அறுந்தால் வீச்சாளரின் வாழ்க்கை அதோடு முடிந்தது. அந்த ஆண்டு ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் டாமி ஜானுக்கு அறுந்தபோது, டாக்டர் ஃபிராங்க் ஜோப் அவருடைய வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, இடது முழங்கையின் எலும்புகளில் துளையிட்டுக் கோத்துக் கட்டினார். மீண்டும் ஆட நூற்றில் ஒரு வாய்ப்பு என்று டாக்டரே சொல்லியிருந்தார். 1975 முழுவதும் வீசாமலிருந்த ஜான் 1976-இல் திரும்பி, 1989 வரை ஆடினார். அவருடைய 288 வெற்றிகளில் 164 அந்தச் சிகிச்சைக்குப் பின் வந்தவை. இன்று அது அன்றாட நிகழ்வாகிவிட்டது. ஜஸ்டின் வெர்லாண்டர் 37 வயதில் செய்துகொண்டு, 2022-இல் 1.75 ஈ.ஆர்.ஏ.யுடன், ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதையே வென்றார்.

இந்த வெற்றிக் கதைகளால் ரசிகர்களிடையே ஒரு அலட்சியம் பரவியிருக்கிறது: அறுந்தால் என்ன, கட்டிக்கொண்டு வந்துவிடுவார். திரும்பி வருபவர்களே பெரும்பான்மை என்பது சரி. ஆனால் அதற்குப் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மாதங்கள் ஆகின்றன. திரும்பியவர் பந்தை நினைத்த இடத்தில் போடும் துல்லியத்தைப் பெற இன்னும் சில மாதங்கள் ஆகின்றன. இரண்டாம் முறை அறுந்தால் மீளும் வாய்ப்பு குறைகிறது. தோளைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் மோசம். ஆர்ச்சருக்கு வந்த அதே கோளாறுதான் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்கையும் முடித்தது. வாஷிங்டன் நேஷனல்ஸ் அணிக்கு 2019 உலகத் தொடரை வென்று தந்த கையோடு 7 ஆண்டுகளுக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்ட அவர், அதற்குப் பிறகு வீச முடிந்தது வெறும் 8 ஆட்டங்கள். 2012-இல் இதே நேஷனல்ஸ், முந்தைய முழங்கைச் சிகிச்சையைக் கருதி அவரை ஏறக்குறைய 159 இன்னிங்ஸோடு நிறுத்தி, பிளே-ஆஃப் ஆட்டங்களுக்குக்கூட இறக்காமல் பொத்திப் பாதுகாத்தது. அது சரியா தவறா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

காயங்கள் ஏன் பெருகுகின்றன என்பதற்கு மேஜர் லீக் நிர்வாகமே 2024 டிசம்பரில் ஒரு விரிவான ஆய்வறிக்கை வெளியிட்டது. 2005-இல் பிட்சர்கள் காயப் பட்டியலில் சேர்க்கப்பட்டது 212 முறை. 2024-இல் 485 முறை. ஃபாஸ்ட்பாலின் சராசரி வேகம் 2008-இல் மணிக்கு 91.3 மைல், 2024-இல் 94.2. பதினாறு ஆண்டுகளில் சராசரியே மூன்று மைல் ஏறுவது சாதாரணமில்லை. வேகத்தையும் சுழற்சியையும் துரத்துவது, ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு வீசுவது ஆகியவற்றையே அறிக்கை முதன்மைக் காரணங்களாகச் சுட்டியது. வீரர்கள் சங்கமோ அடுத்த பந்தை வீசக் காலக்கெடு வைக்கும், 2023-இல் கொண்டுவரப்பட்ட பிட்ச் கடிகாரத்தின் மேல் பழியைப் போட்டது. கடிகாரம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எண்ணிக்கை ஏறத் தொடங்கிவிட்டதால், அதை முதன்மைக் காரணமாக என்னால் ஏற்க முடியவில்லை.

இதில் ஒரு கசப்பான உண்மை ஒளிந்திருக்கிறது. எது கையை உடைக்கிறதோ அதுவேதான் அந்தக் கைக்கு விலையையும் ஏற்றுகிறது. பள்ளிச் சிறுவனின் பெயர் டிராஃப்ட் பட்டியலில் மேலேறுவது வேகமானியில் தெரியும் எண்ணால். கீழ்மட்டமான மைனர் லீகில் இருப்பவர் ‘புராஸ்பெக்ட்’ (எதிர்கால நட்சத்திரமாக எதிர்பார்க்கப்படுபவர்) வரிசையில் முதல் நூறுக்குள் வருவதும் அதனால். தொடக்க பிட்சரிடம் மேலாளர் இன்று கேட்பது ஏழு இன்னிங்ஸ் அல்ல, ஐந்து இன்னிங்ஸ் முழு மூச்சு வீச்சு. ஆகவே, டிரேடில் எல்லாரும் ஆசைப்படும் இளம் பிட்சர் என்பவர், பெரும்பாலும், காயத்துக்கு மிக அருகில் நிற்கும் இளம் பிட்சராகவே இருக்கிறார். இளம் பிட்சர் என்ற வகையில் நம்பத்தக்க புராஸ்பெக்ட் ஒருவர்கூடக் கிடையாது என்று பழைய ரசிகர்கள் பாதி விளையாட்டாகச் சொல்வதில் இவ்வளவு பொருள் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் நிரூபித்துக் காட்டிய மூத்த பிட்சரை வாங்குவதே பாதுகாப்பு என்று முடிவுகட்டுவதுதான் பைரட்ஸ் விழுந்த பள்ளம். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 200 இன்னிங்ஸ் வீசியவர் என்பது ஆர்ச்சரின் உறுதிக்குச் சான்றாகப் படிக்கப்பட்டது. அந்த 600-க்கும் மேற்பட்ட இன்னிங்ஸ்கள் அந்தத் தோளில் செலவாகிவிட்டவை என்றும் படித்திருக்கலாம்.

இப்போது ரேஸ் அணியின் கணக்கைப் பார்க்கலாம். மேஜர் லீகில் ஆறு ஆண்டுச் சேவைக்காலம் முடியும் வரை ஒரு வீரர் தன்னை வளர்த்த அணிக்கோ, டிரேடில் வாங்கிய அணிக்கோ உரியவர். அதன் முதல் மூன்று ஆண்டுகளில் சம்பளம் குறைந்தபட்ச அளவை ஒட்டியே இருக்கும். ஆர்ச்சருக்காக அவர்கள் பெற்றது மூன்று தனி மனிதர்களின் அத்தகைய உரிமை ஆண்டுகள். ஒருவர் கை போனாலும் இன்னொருவர் இருப்பார், ஒருவர் பேட்டர் என்பதால் அவருக்கு முழங்கை கவலையே பெரிதில்லை. அந்த பேட்டர் மெடோஸ் 2019-இல் 33 ஹோம் ரன் அடித்து ஆல்-ஸ்டார் ஆனார். 2022-இல் அவரை டெட்ராய்ட் டைகர்ஸுக்குக் கொடுத்து ஈசாக் பரேடஸையும் ஒரு டிராஃப்ட் வாய்ப்பையும் பெற்றார்கள். பரேடஸ் 2023-இல் 31 ஹோம் ரன் அடித்தார், 2024-இல் அவரையும் சிகாகோ கப்ஸுக்கு விற்றார்கள்.

கிளாஸ்னோ விஷயத்தில் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2022 ஆகஸ்டில், அவர் அறுவை சிகிச்சையிலிருந்து இன்னும் மீண்டு வராத நிலையில், 2023, 2024 இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து 3 கோடியே 3.5 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 2023-உடன் விடுதலையாகிப் போயிருக்க வேண்டியவரின் கூடுதல் ஓராண்டை, அவர் கை கட்டுப்போட்டிருந்த காலத்தில் வாங்கிவிட்டார்கள். 2023 டிசம்பரில் டாட்ஜர்ஸுக்கு அவர்கள் விற்றது அந்த ஓராண்டைத்தான். அவரோடு மானுவல் மார்கோவையும் அனுப்பி, இளம் பிட்சர் ரயன் பெப்பியோவையும் ஜானி டிலூக்காவையும் பெற்றார்கள். டாட்ஜர்ஸ் கிளாஸ்னோவுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 13.65 கோடி டாலர் கொடுத்தது. முதல் ஆண்டு 134 இன்னிங்ஸ், அவருடைய வாழ்நாள் உச்சம், பிறகு முழங்கைக் காயத்தால் பிளே-ஆஃபில் இல்லை. பெப்பியோ 2024-இலும் 2025-இலும் ரேஸ் அணியின் வரிசையில் நிலையான தொடக்க பிட்சராக இருந்தார். பாஸும் 2025-இல் ஒரு முழுச் சீசன் வீசி முடித்த பிறகு, அந்த ஆண்டு டிசம்பரிலேயே பால்டிமோர் ஓரியோல்ஸுக்கு விற்கப்பட்டார்; ஈடாக வந்தவர்கள் நான்கு இளம் வீரர்கள், கூடவே ஒரு டிராஃப்ட் வாய்ப்பு. ஆர்ச்சர் என்ற ஒரே பெயரில் தொடங்கிய சங்கிலி ஏழு ஆண்டுகளுக்குப் பிறகும் நீள்கிறது. பைரட்ஸ் பக்கத்தில் அது 2020 இறுதியில், எதுவும் கைக்கு வராமல், அறுந்தது.

இதைச் சொல்லும்போது ரேஸ் அணிக்குக் கைகளைக் காக்கும் ரகசியம் ஏதோ தெரியும் என்று எண்ணிவிடக் கூடாது. 2023 என்ற ஒரே ஆண்டில் அவர்களுடைய ஷேன் மெக்ளனஹன், ட்ரூ ராஸ்முசன், ஜெஃப்ரி ஸ்பிரிங்ஸ் ஆகிய மூன்று தொடக்க பிட்சர்களும் முழங்கை அறுவை சிகிச்சைக்குப் போனார்கள். அவர்களும் வேகத்தையே வாங்குகிறார்கள், வேகத்தையே வளர்க்கிறார்கள். உடைவதை அவர்களால் தடுக்க முடியவில்லை, உடைந்தால் மூழ்கிப்போகாத அளவுக்கு மட்டுமே ஒவ்வொரு கையிலும் பணம் போடுகிறார்கள். இதை மனிதாபிமானமான அணுகுமுறை என்று நான் சொல்ல மாட்டேன். வீரர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது மிகவும் குளிர்ந்த கணக்கு.

கையின் உண்மை நிலை வாங்குபவருக்குத் தெரியுமா என்பது தனிக் கேள்வி. டிரேடுக்கு முன் இரு அணிகளும் மருத்துவக் குறிப்புகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். 2016 ஜூலையில் சான் டியகோ பாட்ரெஸ் அணி ட்ரூ பொமரான்ட்ஸை பாஸ்டன் ரெட் சாக்ஸுக்குக் கொடுத்து, பலரும் வியந்து பேசிய பதின்வயது பிட்சர் ஆண்டர்சன் எஸ்பினோசாவைப் பெற்றது. மருத்துவ விவரங்களை முறையாகத் தெரிவிக்கவில்லை என்று கண்டு, பாட்ரெஸ் பொது மேலாளர் ஏ.ஜே. பிரெல்லரை மேஜர் லீக் 30 நாள் ஊதியமின்றி இடைநீக்கம் செய்தது. டிரேடை ரத்து செய்துகொள்ளும் வாய்ப்பு ரெட் சாக்ஸுக்கு அளிக்கப்பட்டும் அவர்கள் மறுத்தார்கள். நடந்தது என்ன தெரியுமா? சந்தேகத்துக்குரிய பொமரான்ட்ஸ் அடுத்த ஆண்டு 17 ஆட்டங்களை வென்றார். அப்பழுக்கற்ற எஸ்பினோசா 2017-இலும் 2019-இலும் இருமுறை டாமி ஜான் சிகிச்சை செய்துகொண்டு, மேஜர் லீகை எட்டவே 2022 ஆயிற்று, அதுவும் வேறொரு அணியில்.

அதே மாதம் பாட்ரெஸ் மயாமி மார்லின்ஸுக்கு அனுப்பிய காலின் ரே தன் முதல் ஆட்டத்திலேயே முழங்கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். சில நாள்களில் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, தாங்கள் கொடுத்திருந்த லூயிஸ் காஸ்டியோ என்ற மைனர் லீக் பையனை மார்லின்ஸ் திரும்பப் பெற்றார்கள். பெற்றவர்கள் சில மாதங்களிலேயே அவரை டான் ஸ்ட்ரெய்லிக்காக சின்சினாட்டி ரெட்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். காஸ்டியோ மூன்று முறை ஆல்-ஸ்டார் ஆனார். இந்தச் சுற்று முழுவதிலும் கையை ஒப்புக்குக்கூட யாரும் கவனிக்காதவரின் கைதான் உறுதியாக நின்றது.

காயத்தை முன்கூட்டியே பார்த்துப் பலன் அடைந்தவர்களும் உண்டு. 2014 டிராஃப்டில் முதலாவதாக பிரேடி ஏக்கனை எடுத்த ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ், மருத்துவப் பரிசோதனையில் அவருடைய முழங்கைத் தசைநாரில் குறை கண்டு, பேசிய தொகையைக் குறைத்தது. அவர் கையெழுத்திடவில்லை. அன்று ஆஸ்ட்ரோஸை எல்லாரும் வசைபாடினார்கள். தொகையைக் குறைத்த விதத்தை நானும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அடுத்த மார்ச்சில் ஏக்கனுக்கு அந்தத் தசைநாரில்தான் அறுவை சிகிச்சை நடந்தது, அவர் மேஜர் லீகுக்கு வரவே இல்லை. இழப்பீடாகக் கிடைத்த 2015-இன் இரண்டாவது தேர்வில் ஆஸ்ட்ரோஸ் எடுத்தவர் அலெக்ஸ் பிரெக்மன், ஒரு பேட்டர்.

மூத்த பிட்சரை வாங்குவது எப்போதும் தவறு என்று நான் சொல்லவில்லை. 2016 டிசம்பரில் கிறிஸ் சேலுக்காக ரெட் சாக்ஸ், யோவான் மொன்காடா, மைக்கேல் கோபெக் உள்ளிட்ட நால்வரை சிகாகோ வைட் சாக்ஸுக்குக் கொடுத்தது. மணிக்கு நூறு மைல் வேகத்தில் வீசிய கோபெக் 2018-இல் டாமி ஜான் சிகிச்சைக்குப் போனார்; அதே ஆண்டு உலகத் தொடரின் கடைசி அவுட்டை எடுத்தவர் சேல். அது வரை கணக்கு சரி. 2019 மார்ச்சில் சேலுக்கு மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு 14.5 கோடி டாலர் கொடுத்ததுதான் தவறாகப் போயிற்று: மறு ஆண்டே முழங்கை போய், 2021, 2022 இரண்டிலும் சேர்த்து அவர் தொடங்கியது 11 ஆட்டங்கள். 2023 டிசம்பரில் பணமும் சேர்த்து அட்லாண்டா பிரேவ்ஸுக்குத் தள்ளிவிட்டார்கள். 2024-இல் 18 வெற்றி, 3 தோல்வி, 2.38 ஈ.ஆர்.ஏ., 225 ஸ்டிரைக் அவுட்டோடு அவர் சை யங் விருது வாங்கினார். ஒரே கையை இருமுறை குறுகிய காலத்துக்கு வாங்கியவர்கள் இருவரும் பலனடைந்தார்கள்; நீண்ட காலத்துக்கு வாங்கியவர்களே நஷ்டப்பட்டார்கள்.

ஆகவே அடுத்த ஜூலையில் ஒரு டிரேட் செய்தி வந்தால், புராஸ்பெக்ட் தரவரிசையில் யார் எத்தனையாவது இடம் என்பதை நான் முதலில் பார்ப்பதில்லை. எத்தனை உரிமை ஆண்டுகள் கைமாறுகின்றன, அவை எத்தனை பேரிடம் பரவியிருக்கின்றன, அவர்களில் பேட்டர் எத்தனை பேர், பிட்சர்களில் யாருக்கு ஏற்கெனவே சிகிச்சை முடிந்து எத்தனை காலம் ஆகிறது என்பதைப் பார்க்கிறேன். சிகிச்சை முடிந்து ஓராண்டு கடந்தவரைக் கறைபட்டவராக நினைப்பது பழைய வழக்கம்; அணிகள் அப்படி நினைப்பதை நிறுத்திவிட்டன. 2025 ஜூலை 31 அன்று டொராண்டோ புளூ ஜேஸ், கிளீவ்லாந்து கார்டியன்ஸின் ஷேன் பீபரை வாங்கியது. 2020 சை யங் வெற்றியாளரான அவர், 2024 ஏப்ரல் டாமி ஜான் சிகிச்சைக்குப் பின் மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசியிருக்கவில்லை. ஈடாகப் போனவர் கால் ஸ்டீவன், முந்தைய ஆண்டு டிராஃப்டில் எடுக்கப்பட்டு வேகமாக முன்னேறிக்கொண்டிருந்த பிட்சர். பீபர் ஆகஸ்டு பிற்பகுதியில் இறங்கி ஏழு ஆட்டங்களைத் தொடங்கினார், உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை வீசினார். அந்த ஆட்டத்தின் 11-வது இன்னிங்ஸில் வில் ஸ்மித் அடித்த ஹோம் ரன் அவர் பந்தில்தான் போயிற்று. கோப்பை டாட்ஜர்ஸுக்குப் போனது. அதற்காக அந்த டிரேடைத் தோல்வி என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தையல் ஆறிய கை ஒன்றை, இன்னும் உடையாத கை ஒன்றைக் கொடுத்து வாங்கினார்கள். இன்றைய சந்தையில் அது ஒழுங்கான விலை.